யார் சுமக்கும் சிலுவை?

செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் சென்றவர்கள் அங்குக் கூடும் மக்களின் இயல்பை அறிவார்கள். வருவோர் யாவரும் கத்தோலிக்கர் அல்லர். திருநீறு அணிந்த நெற்றியோடு வருவோருண்டு. விகாரைக்குப் பூத்தட்டு ஏந்திச் செல்லும் வழக்கமுடைய குடும்பத்தினருமுண்டு. மெழுகுதிரியை ஏற்றிவைத்துவிட்டுச் சுரூபத்தின் முன்னே உதடுகள் அசைய அவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் வேண்டி நிற்பது மோட்சத்தையா? பெரும்பாலும் இல்லை. கணவன் குடியை விடவேண்டும். அடைவு வைத்த நகை மீளவேண்டும். சீதனத்தால் தடைப்பட்ட மகளின் கலியாணம் ஒப்பேறவேண்டும். கடல் கடந்து போன மகனைப் பற்றி ஒரு செய்தி வரவேண்டும். காணிச் சண்டையிற் பிரிந்த அண்ணனும் தம்பியும் மீண்டும் ஒரு வாசலிற் கூடவேண்டும். இவைதாம் அவர்களுடைய விண்ணப்பங்கள்.

2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுத் தாக்குதலுக்கு இலக்கான தேவாலயங்களுள் இதுவும் ஒன்று. அதே ஆண்டு யூன் மாதத்தில் கோவில் மீண்டும் திறக்கப்பட்டபோது மக்கள் திரும்பவும் வந்தனர். ஆண்டவனின் வீட்டிலேயே பாதுகாப்பில்லை என்று கண்ட பின்னரும் அவர்கள் ஏன் வந்தார்கள்? மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் இவ்வினாவை மூடிவிட முடியாது. விசுவாசத்தின் பெருமை என்று கூறி மகிழ்ந்துவிடவும் முடியாது. போவதற்கு வேறிடம் இல்லாதவர்களின் வருகை அது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குடும்பத்தினுள்ளும் மனத்தினுள்ளும் எழும் துன்பங்களைத் தீர்த்துக்கொள்ள ஒருவர் தமது கிறித்தவ நம்பிக்கையைத் துணையாகக் கொள்வது தகுமா? தகுமெனில், எவ்வாறு தகும்? இதுவே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா. நம்பிக்கை உண்மையா பொய்யா என்ற பழைய விவாதத்தை இங்கே நான் எழுப்பவில்லை. நம்புகின்ற மனிதன் அந்த நம்பிக்கையைக் கொண்டு என்ன செய்கிறான், அது அவனையும் அவனைச் சார்ந்தவர்களையும் என்ன செய்கிறது என்பதே நமது விசாரம்.

இவ்வினாவுக்கு எளிதில் அகப்படக்கூடிய விடைகள் இரண்டு உள. பக்தர் கூறும் விடை ஒன்று: பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடு, அவர் பார்த்துக்கொள்வார். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோருட் சிலர் தரும் விடை மற்றொன்று: மதம் மக்களுக்கு அபின், அதைத் தூக்கியெறி. இரண்டாவது கூற்றுக்குக் கார்ல் மார்க்ஸைச் சான்று காட்டுவோர், 1844இல் அச்சேறிய அந்தக் கட்டுரையை முழுமையாகப் படித்தவர்களாகத் தோன்றவில்லை. மதத்திலே மெய்யான துன்பத்தின் வெளிப்பாட்டையும் அத்துன்பத்துக்கு எதிரான முறையீட்டையும் ஒருங்கே கண்டவர் மார்க்ஸ். வலிக்கிறவன்தான் மருந்து தேடுகிறான். மருந்து போலியானது என்று கூறிவிட்டு வலியைப் பற்றி வாய் திறவாதவன் மருத்துவனாகான்.

எனது இளமைக் காலத்தில் நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூறுவது பொருத்தமாகும்.

வடபுலத்துக் கரையோரக் கிராமம் ஒன்று. எங்கள் வீட்டுக்கு நாலாவது வளவில் ஒரு கடற்றொழிலாளியின் குடும்பம் இருந்தது. கணவன் நல்ல தொழிலாளி. வள்ளத்துக்கு இயந்திரம் வாங்குவதற்காக அவர் கடன்பட்டார். கடன் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்கவேண்டும். அவர் வைத்ததே விலை. இரண்டு ஆண்டுகளில் வட்டி முதலை விழுங்கியது. மனைவியின் தாலிக்கொடியும் அடைவுக்குப் போயிற்று. அவர் கசிப்புக் குடிக்கத் தொடங்கினார். பின்னர் அடிக்கத் தொடங்கினார். இரவிலே அந்த வளவிலிருந்து எழும் ஓலம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்டும் கேளாதவர்களாக நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். புருஷன் பெண்சாதி விஷயத்தில் பிறத்தியார் தலையிடலாகாது என்பது ஊர்வழக்கு.

அந்தப் பெண் பங்குச் சுவாமியாரிடம் சென்று முறையிட்டாள். அவர் தீயவரல்லர், தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் சொன்னார். “பிள்ளை, அது ஆண்டவர் உனக்குத் தந்த சிலுவை. ஒப்புக்கொடுத்துச் செபி” என்றார். அதற்கு அவள் கூறிய மறுமொழியை அன்று அங்கு நின்ற என் தாயார் பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்: “சுவாமி, என்ர சிலுவையை நான் சுமக்கிறன். என்ர பிள்ளையளும் சுமக்க வேணுமோ?”

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் கேட்ட இக்கேள்வியைக் காட்டிலும் கூர்மையானதொரு கேள்வியை இறையியல் நூல்களில் நான் காணவில்லை. சிலுவை என்பது ஒருவர் தாம் கொண்ட கொள்கைக்காகத் தாமே ஏற்றுக்கொள்ளும் துன்பம். பிறன் ஒருவன் தன் கைவன்மையால் மற்றொருவர் மீது சுமத்தும் துன்பத்துக்குச் சிலுவை என்று பெயர் சூட்டுவது, துன்புறுத்துபவனுக்குத் திருச்சபையின் முத்திரையைக் கொடுப்பதாகும். இயேசு சிலுவை சுமந்தார் என்பது மெய்யே. அந்தச் சிலுவையைச் செய்து கொடுத்தவர்களை எவரும் புண்ணியவான்களாகக் கொள்வதில்லை.

வேதாகமத்தை ஊன்றிப் படிப்போர், துன்புறுவோரிடம் எளிதான ஆறுதல் கூறுவோரை அந்நூலே கண்டிக்கிறது என்பதைக் காண்பர். யோபுவின் கதையை நோக்குக. செல்வமும் மக்களும் உடல்நலமும் இழந்து சாம்பலில் அமர்ந்த யோபுவிடம் நண்பர் மூவர் வருகின்றனர். முதல் ஏழு நாட்கள் அவர்கள் வாய் திறவாது அவனருகே அமர்ந்திருக்கின்றனர். அதுவரையில் அவர்கள் நல்ல நண்பர்களே. பின்னர் அவர்கள் பேசத் தொடங்குகின்றனர்: நீ பாவம் செய்திருக்கவேண்டும்; அதனாலேயே இவ்வாறு நேர்ந்தது; மனந்திரும்பு என்கின்றனர். யோபுவோ தன் நியாயத்தை விட்டுக்கொடாது இறைவனோடு வழக்காடுகிறான். கதையின் முடிவில் இறைவன் சினங்கொள்வது வழக்காடியவன் மீதன்று. தம் சார்பிற் பேசுவதாக எண்ணிக்கொண்ட அந்த நண்பர்கள் மீதே. பக்தியின் பெயரால் துன்புறுவோர் மீது பழிசுமத்தும் ஒவ்வொருவரும் இந்த முடிவை மறவாதிருத்தல் நன்று.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்திலும் குடும்பத்தைப் பற்றிய ஓர் உரையாடல் உண்டு. தாய் தந்தையருக்குக் கொடுக்கவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று நேர்ந்துவிட்டால், பெற்றோரைத் தாங்கும் கடமையினின்று ஒருவன் விடுபடலாம் என்பது அக்காலத்து வழக்கங்களுள் ஒன்று. இயேசு இதனை வன்மையாகச் சாடினார். மனிதருக்குச் செய்யவேண்டிய கடமையைக் கடவுளைக் காட்டித் தட்டிக்கழிப்பது பக்தியன்று, வஞ்சகம் என்பதே அவருடைய கருத்து. இன்று நம்மிடையே நோயுற்ற மனைவியை வீட்டிலே விட்டுவிட்டு யாத்திரை போவோரும், தம்பியின் பங்கை அபகரித்துவிட்டுத் திருநாளுக்கு உபயம் செய்வோரும் இல்லையா? அவ்வதிகாரம் அவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோலத் தோன்றுகிறது.

விசுவாசமே ஒருவரை வருத்தும் கருவியாக மாறுவதுமுண்டு. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்க்கை இதற்குச் சான்று. ஆழ்ந்த பக்தராகிய இவர் ஜோன் நியூட்டன் என்ற குருவுடன் இணைந்து எழுதிய ஓல்னிப் பாசுரங்கள் 1779இல் நூலாக வெளிவந்தன. இன்றும் பல நாடுகளிற் பாடப்படுகின்றன. ஆனால் 1773இல் அவரைப் பீடித்த மனநோயின்போது, கடவுள் தம்மை என்றைக்குமாகத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவருள்ளத்திற் புகுந்தது. 1800இல் இறக்கும்வரை அது அவரை விட்டு முற்றாக நீங்கவில்லை. பிறருக்கு ஆறுதல் தந்த பாசுரங்கள் அவற்றை எழுதியவருக்கு ஆறுதல் தரவில்லை. அவரைத் தாங்கியவை எவை? ஓராண்டுக்கு மேலாகத் தமது இல்லத்திலே வைத்துப் பராமரித்த நியூட்டனின் நட்பு, தோட்டவேலை, தச்சுவேலை, அவர் வளர்த்த முயல்கள், கவிதை. நியூட்டன் அவருக்குச் செய்த பேருதவி போதனையன்று, வீட்டுக் கதவைத் திறந்துவிட்டதே. மனநோய் மருத்துவத்துக்குரிய நோய் என்பதை இன்று நாம் அறிவோம். அதை விசுவாசக் குறைவென்று கூறி, வைத்தியரிடம் போகவேண்டியவரை உபவாசத்துக்கும் பேயோட்டுதலுக்கும் அனுப்புவோர், அறியாமையினாற் செய்தாலும் பெருந்தீங்கையே செய்கின்றனர்.

இத்தனையையும் கூறிய பின்னர், நம்பிக்கையால் விளையும் நன்மை யாது என்று கேட்பது நியாயமே. அதற்கும் நேர்மையாக விடையளித்தல் வேண்டும்.

1935ஆம் ஆண்டு மே மாதத்தில், பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத் தரகர் ஒருவர் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரில் தங்கியிருந்தார். பல ஆண்டுகள் குடிக்கு அடிமையாயிருந்து, சில மாதங்களாகவே குடியாதிருந்தவர் அவர். வந்த காரியம் கைகூடவில்லை. விடுதியில் ஒரு புறம் மதுச்சாலை; மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து அந்நகரத்துக் குருமாரொருவரை அழைத்தார். அவர் கேட்டது செபத்தையன்று. தம்மைப்போலக் குடியினால் அழிந்துகொண்டிருக்கும் இன்னொரு மனிதனை. அந்த அழைப்பின் பயனாக அவர் சந்தித்த மனிதர் பொப் சிமித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். அவ்விருவரின் சந்திப்பிலிருந்து பிறந்ததே பெயர் கூறாக் குடிநோயாளர் சங்கம் என இன்று உலகெங்கும் பரவியுள்ள இயக்கம். அதன் வேர் ஒக்ஸ்போட் குழு என்ற கிறித்தவ இயக்கத்திலே உள்ளது. குற்றத்தை ஒப்புக்கொள்ளல், தீங்கிழைத்தவரிடம் சென்று ஈடுசெய்தல், தன்னைவிடப் பெரியதொன்றின் முன் பணிதல் ஆகிய வழக்கங்களை இது அங்கிருந்தே பெற்றது. ஆயினும் அந்தப் பெரியது இன்னதென்று வரையறுக்காமல், ஒவ்வொருவரும் தத்தமக்கேற்பக் கொள்ளுமாறு விட்டுவிட்டது. 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வு மீள்நோக்கு ஒன்று, குடியை முற்றாக விடுவதில் இம்முறை ஏனைய சிகிச்சை முறைகளுக்கு நிகராகவோ அவற்றைவிட மேலாகவோ பயன்தருகிறது என்று கண்டது.

இங்கே செயற்பட்டது எது? அற்புதமன்று. ஒருவன் தன் தோல்வியைத் தன்னை இகழாத மனிதர் முன் வாய்விட்டுக் கூறுகிறான். கூறியதும் தனிமை உடைகிறது. மற்றொருவனுக்கு உதவும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது; அதனால் இழந்த மதிப்பை அவன் மீண்டும் பெறுகிறான். பாவசங்கீர்த்தனம், ஒன்றுகூடல், அயலான் மீது அன்பு எனத் திருச்சபை காலங்காலமாகப் போதித்து வந்தவையே இவை. அவை சடங்காக உறைந்துபோகாமல் மனித உறவாக இயங்கும்போது பயனளிக்கின்றன. இதில் மனைவியரையும் மறத்தலாகாது. பில்லின் மனைவி லோயிஸ் வில்சனும் மற்றொரு பெண்மணியும் 1951இல் குடிநோயாளரின் குடும்பத்தினருக்கென அல்-அனன் என்ற அமைப்பைத் தொடங்கினர். கணவனைத் திருத்துவது மனைவியின் பொறுப்பு, அவன் திருந்தாவிட்டால் அது அவளுடைய செபத்தின் குறை என்ற சுமையை அது பெண்களின் தோளிலிருந்து இறக்கிவைத்தது.

மீண்டும் எங்கள் ஊருக்கு வருவோம். ஒக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்கு எடுத்துச் சென்று, அயலவர் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். அவ்வாண்டு அந்தப் பெண்ணின் வீட்டு முறை வந்த நாளிலே, அவளுடைய முகத்திற் கிடந்த காயத்தை எல்லாரும் கண்டனர். செபத்தை முன்னின்று சொல்லுவிக்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். ஊரார் அவரைச் செபமாலை ஆச்சி என்பார்கள். மாதம் முடிந்தது, சுரூபம் கோவிலுக்குத் திரும்பிற்று. ஆனால் ஆச்சி மறுநாளும் பத்துப் பன்னிரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு அதே வீட்டுக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். கணவன் குடித்துவிட்டு வரும் வேளையை அறிந்து, அந்த வேளையிலேயே செபமாலையை வைத்துக்கொண்டார்கள். முற்றத்திலே பன்னிரண்டு பெண்கள் வரிசையாக முழந்தாளிட்டிருக்க எவன் கையோங்குவான்? முதல் நாள் அவர் படலையடியில் நின்று பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பிப் போய் வாடியிலே படுத்தார். இப்படியே நத்தார்வரை நடந்தது.

அப்பெண்கள் செபத்தோடு நிற்கவில்லை. தங்களுக்குள் ஒரு சீட்டுப் பிடித்து முதற் சீட்டை அவளுக்கே கொடுத்தார்கள். அதைக் கொண்டு கடனில் ஒரு பகுதி அடைபட்டது. மீனை வேறிடத்தில் விற்பதற்கு வழி பிறந்தது. அந்த மனிதர் அடியோடு திருந்திவிட்டார் என்று நான் கூறமாட்டேன். குடி குறைந்ததேயன்றி நிற்கவில்லை. ஆனால் அடி நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இவற்றையெல்லாம் மாதாவின் அற்புதம் என்றே ஆச்சி சாகும்வரை கூறிக்கொண்டிருந்தார். நான் அவரோடு வாதிட்டதில்லை. பன்னிரண்டு பெண்கள் அஞ்சாது ஒரு முற்றத்தில் அமர்ந்தமையை அற்புதம் என்று அழைப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபமில்லை.

சுவாமியார் கூறியதும் செபிக்கும்படியே. ஆச்சி செய்ததும் செபமே. சுவாமியாரின் சொல் அப்பெண்ணை அவளுடைய துன்பத்தோடு தனியே பூட்டி வைத்தது. ஆச்சியின் செபமோ அத்துன்பத்தை ஊரின் துன்பமாக்கியது. ஒரே நம்பிக்கை ஓரிடத்திற் பூட்டாகவும் மற்றோரிடத்தில் திறப்பாகவும் அமைந்தது. நம்பிக்கையின் தகுதியை அளப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் ஆச்சியின் வழி மாத்திரம் போதுமா என்பதையும் சிந்தித்தல் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆச்சி இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தனிப்பட்ட துன்பம் என்று நாம் கருதுவனவற்றுட் பல, சமுதாயத்தின் ஒழுங்கிலே வேர்கொண்டவை. இதற்கு நமது நாட்டு வரலாறே ஆணித்தரமான சான்று தருகிறது. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளுதலைவிட அந்தரங்கமான செயல் வேறு எது? அதனை முழுக்க முழுக்கத் தனிமனிதனின் பாவமாகவே பழைய திருச்சபைச் சட்டம் கருதியது. 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அவ்வாறு இறந்தவர்களுக்குத் திருச்சபை முறையான அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பிலேதான் அத்தடை நீங்கியது. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் இத்தகைய மரணங்கள் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவை எட்டி, உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாயிருந்தன. அதன் பின்னர் இரண்டு தசாப்தங்களில் அவ்விகிதம் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைந்தது. மக்கள் திடீரெனப் பக்திமான்களாகிவிட்டனரா? அல்லது குடும்பச் சச்சரவுகள் மறைந்தனவா? இரண்டுமில்லை. மிகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள பீடைகொல்லிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்தமையே இதற்குத் தலையாய காரணம் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஒரு கணத்து ஆத்திரத்திலும் அவமானத்திலும் கை நீட்டியவர்களுக்கு நஞ்சு எட்டாமற் போயிற்று; அக்கணம் கடந்தது; அவர்கள் பிழைத்தார்கள். 1974இலிருந்து இயங்கிவரும் சுமித்ரயோ போன்ற தொண்டமைப்புகள், மனமுடைந்தோர் கூறுவதைத் தீர்ப்பளிக்காது செவிமடுத்து வருகின்றன. ஓர் அரசாணையும் ஒரு செவியும் காப்பாற்றக்கூடிய உயிர்களைப் பாவிகள் என்று கூறிச் சுடுகாட்டு வேலிக்கு அப்பால் தள்ளிய காலத்தை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

இவ்வாறே ஏனைய துன்பங்களையும் நோக்குக. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெற்ற பெண்கள் வாராவாரம் தவணைக்காரருக்கு அஞ்சி ஒளிந்தார்களென்றால், அது அவர்களுடைய ஊதாரித்தனமன்று; தாங்கொணாத வட்டி. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போன தாயின் பிள்ளைகள் வழிதவறினால், அது தாயின் பாசக்குறைவன்று. தாயை ஏற்றுமதி செய்து வாழும் பொருளாதாரம். 2022இன் நெருக்கடியில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற எத்தனை வீடுகளிற் சண்டை மூண்டது என்பதை யார் கணக்கிட்டார்கள்? கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நொந்துகொண்டார்கள். நோவுக்குக் காரணமானவர்கள் அவ்வீடுகளில் இருக்கவில்லை.

ஆகவே நம்பிக்கை இரண்டு பணிகளைச் செய்தல் வேண்டும்: துன்புறுபவரை இன்று தாங்குதல், துன்பத்தின் வேரை நாளை களைதல். முதலாவதை மட்டும் செய்தால் அது நோவு தணிக்கும் தைலம். இரண்டாவதை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், நாளை வரும்வரை அந்த மனிதர் உயிரோடிருப்பாரா என்ற கேள்வி எஞ்சும்.

இவ்விரண்டும் ஒருவர் வாழ்க்கையிலேயே இணைந்ததற்குப் பண்டித ரமாபாய் சிறந்த உதாரணம். 1858இல் பிறந்த அவர், பெற்றோரைப் பஞ்சத்தில் இழந்தார். 1882இல், கைக்குழந்தையோடு, கணவனையும் இழந்தார். இளம் விதவைக்கு அன்றைய சமுதாயம் என்ன வைத்திருந்தது என்பதை அவர் தம் உடலால் அறிந்தார். 1883இல் இங்கிலாந்திலே கிறித்தவரானார். ஆனால் அந்த நம்பிக்கையைத் தம் துயரத்துக்குப் போர்வையாக்கி அவர் மூலையில் அமரவில்லை. உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைப் பற்றி 1887இல் நூலெழுதினார். 1889இல் பம்பாயிலே விதவைகளுக்காகச் சாரதா சதனம் என்ற பள்ளியை நிறுவினார். பின்னர்க் கேட்காவ் என்னும் ஊரில் முக்தி என்ற பெயரில் பெரியதோர் இல்லத்தை அமைத்துப் பஞ்சத்தில் அநாதரவான பெண்களையும் சிறுமிகளையும் சேர்த்துக்கொண்டார். தம்மை ஞானஸ்நானத்துக்கு வழிநடத்திய ஆங்கிலத் திருச்சபையினர் தம்மிடம் கேள்வியற்ற கீழ்ப்படிவை எதிர்பார்த்தபோது, மனச்சாட்சியை எவரிடமும் அடகு வைக்க முடியாதென்று அவர்களோடும் வாதிட்டார். 1922இல் அவர் மறைந்தார். தன் வீட்டுத் துயரத்தைத் தன் வீட்டோடு நிறுத்திக்கொள்ளாத விசுவாசம் அவருடையது.

நம் நாட்டிலும் இத்தகைய குரல்கள் எழுந்துள்ளன. திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1990இல் மரியாளையும் மனித விடுதலையையும் பற்றி எழுதிய நூலிலே, வாய்பேசாத பணிவுக்கு இலக்கணமாக மரியாளை ஆக்கிவைத்த பக்திமரபைக் கேள்விக்குட்படுத்தினார். வலியோர் ஆசனங்களிலிருந்து வீழ்வதையும் பசித்தோர் நிறைவடைவதையும் பாடிய பெண் அவள் என்று நினைவூட்டினார். 1997இல் அவர் திருச்சபையினின்று விலக்கப்பட்டதும், மறு ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டதும் வரலாறு. அவருடைய இறையியல் முழுவதையும் ஒருவர் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அடிபட்ட முகத்தோடு மாதாவின் முன் நிற்கும் பெண்ணுக்கு எந்த மாதாவை நாம் காட்டுகிறோம் என்பது வெறும் சமயவாதமன்று. அது அவள் அன்றிரவு வீடு திரும்புவதா இல்லையா என்பதோடு தொடர்புடையது.

இனி, நம்பிக்கையாளரிடம் கேட்கவேண்டியவை சில. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதை எத்தனை பிரசங்கங்களில் நாம் கேட்டிருக்கிறோம்? அதைக் கூறுவதால் திருவிவாகத்தின் புனிதம் குறையாது. அடிதான் அதைக் குறைக்கிறது. மன்னிப்பைப் போதிப்பவர்கள், மன்னிக்கப்படுபவன் முதலில் கையைத் தாழ்த்தவேண்டும் என்பதையும் சேர்த்துப் போதிக்கிறார்களா? லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் அஞ்சாத நீதிபதியிடம் ஓயாது சென்று நியாயம் கேட்டு, இறுதியில் அதைப் பெறுகிறாள். செபம் எத்தகையது என்பதை விளக்க இயேசு சொன்ன கதை இதுவே. கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவர் உவமையாகக் கூறவில்லை. நீதிமன்றத்து வாசலில் நிற்கும் பெண்ணையே கூறினார்.

முற்போக்காளராகிய நம்மிடம் கேட்கவேண்டியதும் உண்டு. அந்தப் பெண்ணின் ஓலம் கேட்ட இரவுகளில் எங்களூரிலும் வாசிகசாலை இருந்தது. சமத்துவத்தைப் பற்றிச் சூடான விவாதங்கள் அங்கே நடந்தன. நானும் பேசியவன்தான். சந்தை விலையையும் வட்டியையும் பற்றி நாங்கள் சரியாகவே பேசினோம். ஆனால் அந்த வளவின் படலையைத் திறந்து உள்ளே போனவர்கள் நாங்களல்லர். செபமாலை ஏந்திய கிழவியே போனார். துன்பத்தின் காரணத்தை அறிந்தவர்கள் துன்புறுபவரை அறியாதிருந்தோம். மதத்தை மக்கள் ஏன் விடவில்லை என்று வியக்குமுன், செவ்வாய்க்கிழமையொன்றில் அவர்களுடைய குறையைக் கேட்க நாம் எங்கே கதவு திறந்து வைத்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

கொச்சிக்கடையில் மெழுகுதிரி ஏற்றும் கையைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. அத்திரியின் வெளிச்சத்தில் அவள் தன் துன்பத்தின் முகத்தைத் தெளிவாகக் காணட்டும். அதன் காரணத்தைக் காணட்டும். பக்கத்திலே திரியேற்றி நிற்கும் மற்றப் பெண்ணையும் காணட்டும். அவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவார்களாயின், அந்தோனியார் தம் பங்கைச் செய்துவிட்டார் என்றே கொள்ளலாம். மிகுதியைச் செய்யவேண்டியவர்கள் நாம்.